மச்சானைக் கூப்பிடப் போன அருவி

என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது எல்லாம் கிடைத்தது. மண்டபம் கிடைத்தது. படப்பையிலிருந்து நல்ல சமையல்காரர் கிடைத்தார். மாப்பிள்ளை வீட்டாரின் சம்மதம்கூட நாங்கள் பயந்ததைவிடச் சீக்கிரம் கிடைத்தது. கிடைக்காமல் போனது ஒரே ஓர் ஆள். அந்த ஆள் தினமும் எட்டு மணி நேரம் எனக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

என் மனைவியின் அண்ணன். எனக்கு மச்சான். மணப்பெண்ணுக்குத் தாய்மாமன். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் நெற்றியில் பட்டம் கட்டிய பிறகுதான் பெண் மேடைக்குப் போவாள். அவர் கட்டாவிட்டால் வேறு யாராவது கட்டலாம். சட்டம் ஒன்றும் தடுக்காது. ஆனால் பந்தியில் உட்காரும் ஒவ்வொருவரும் இலையைப் பார்ப்பதற்கு முன்னால் யார் கட்டினார்கள் என்றுதான் பார்ப்பார்கள்.

நாங்கள் இருவரும் ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறோம். ஒரே பிரஸ். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். ஆளுக்கு இரண்டு பட்டன். நான்கு கைகளும் நான்கு பட்டன்களில் ஒரே நேரத்தில் அழுந்தினால்தான் மேலே தொங்கும் டை என்ற இரும்பு அச்சு இறங்கித் தகட்டை இடிக்கும். ஒரு கை குறைந்தாலும் இயந்திரம் சும்மா நிற்கும். யார் கையும் உள்ளே மாட்டிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஓர் இடி விழுந்தால் ஒரு கார்க் கதவின் உள்பக்கம் பிறக்கும். ஒன்றரை வருஷமாக நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. அதனால் ஒரு கதவுகூடக் குறையவில்லை.

பிரஸ் ஷாப்பில் யாரும் யாரோடும் வாயால் பேசுவதில்லை என்பதுதான் காரணம். பேசினாலும் கேட்காது; காதில் பிளக் வேறு. அங்கே கைதான் பாஷை. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினால் நான் தயார். காது மடலைப் பிடித்தால் டீ. வயிற்றைத் தட்டினால் சாப்பாடு. தோளுக்குப் பின்னால் கட்டைவிரலைக் காட்டினால் ஓ.டி., ஷிஃப்ட் முடிந்தும் வேலை. ஒரு கையைத் தலைக்கு மேலே நேராகத் தூக்கினால் ‘நில்’. அதைப் பார்த்தவர் என்ன வேலையில் இருந்தாலும் அப்படியே நின்று, தூக்கியவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லித்தருவது இதைத்தான். இந்தப் பாஷையில் மச்சானும் நானும் மிகவும் அன்னியோன்னியம். அவர் தும்மப்போவது அவருக்கு முன்னால் எனக்குத் தெரியும்.

சண்டை தண்ணீரால் வந்தது. கம்பெனிகளுக்குப் போனது போக மிச்சமிருந்த நிலத்தில் அவரும் நானும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். தெற்கேயிருந்து வேலைக்கு வருகிற பையன்கள் அறைக்கு நான்கு பேராக இருப்பார்கள். ஒரு கோடையில் மச்சானின் போர்க்கிணறு வற்றியது, என்னுடையது வற்றவில்லை. அவர் அறையில் இருந்த மூன்று பேர் பக்கெட்டோடும் பாயோடும் என் அறைக்கு வந்துவிட்டார்கள். நான் கூப்பிடவில்லை. குழாய்தான் கூப்பிட்டது. மச்சான் டீக்கடையில் நின்று, “என் குடித்தனத்த இஸ்துக்கினு போய்ட்டான்,” என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதற்கு நான் ஏதோ சொன்னதாக அவர் கேள்விப்பட்டார். நான் என்ன சொன்னேன் என்பது பற்றி ஊரில் இன்றும் இரண்டு கட்சி உண்டு.

கல்யாணத்துக்கு என் மனைவி தட்டில் வெற்றிலை பாக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பத்திரிகையோடு அண்ணன் வீட்டுக்குப் போனாள். போனதைவிட வேகமாகத் திரும்பி வந்தாள்.

“இன்னா சொன்னாரு?”

“உன் புருஷன் வாயத் தொறந்து ஒரு வார்த்த கூப்புடட்டும், வரேன்னுது.”

“அவ்ளோதானே?”

“அவ்ளோதான். அந்த அவ்ளோதான செய்யத்தான் உனுக்கு ஒன்றர வருஷமா வாய் வர்ல.”

வெளியூர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எங்களுக்குப் பத்திரிகை என்பது வெறும் தகவல். அழைப்பு என்பது நேரில் போய், முகத்தைப் பார்த்து, வாயால் சொல்வது. போனில் சொன்னால் பாதி. ஆள் மூலம் சொல்லி அனுப்பினால் கால். எழுத்தில் மட்டும் வந்தால், எழுத்தில் மட்டும் வாழ்த்து வரும். “வாய் வார்த்தையா கூப்புடல” என்ற ஒரே காரணத்துக்காக உள்ளூரிலேயே வீட்டில் உட்கார்ந்து, எதிர்த் தெருவில் நடக்கும் கல்யாணத்தின் மேளத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும்.

மகள் தன் பங்குக்குச் சொன்னாள்: “மாமா பட்டம் கட்டலன்னா நான் ரூமை வுட்டே வரமாட்டேன். மேடைல நீயும் அம்மாவும் உக்காந்துக்கோங்க.”

நான் முயற்சி செய்யாமல் இல்லை. ஒரு கிருத்திகையன்று அவர் வீட்டுக்குப் போனேன். அவர் வல்லக்கோட்டைக் கோயிலுக்குப் போயிருந்தார். வாசலில் இருந்த அவர் மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தால் அது அவரைக் கூப்பிட்டதாகாது. தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இன்னொரு நாள் வண்டி நிறுத்துமிடத்தில் தனியாக அகப்பட்டார். வாயைத் திறந்தேன். உள்ளே எல்லாம் தயாராக இருந்தது. வெளியே வந்தது இது: “நாளிக்கு டை மாத்துறாங்களாம்.” அவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் இரண்டு உள்ளங்கைகளையும் காட்டிவிட்டுப் போனார். டீ நேரத்தில் கூப்பிடலாமே என்றால், நான் எழுந்தால் அவரும் எழுந்துவிடுவார். துரத்திக்கொண்டு ஓடிக் கூப்பிட்டால் அதற்குப் பெயர் அழைப்பில்லை, பிடிவாரன்ட்.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் எங்கள் ஷிஃப்ட் ஆட்கள் வேன் பிடித்துக் கொல்லிமலைக்கு, ஆகாய கங்கை பார்க்கப் போவதாக முடிவானது. ஏற்பாடு செய்தவர் தென்காசிக்காரர் ஒருவர். என் அறைக்குப் பக்கெட்டோடு வந்த மூவரில் அவர் ஒருவர். எங்கள் பிரஸ்ஸில் தகடு எடுத்து வைப்பவரும் அவர்தான். நான் வரவில்லை என்று சொல்லியிருந்தேன். மகள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு அருவிக்குப் போகிறவன் என்ன தகப்பன்? ஆனால் மச்சானும் வருகிறார் என்று தெரிந்ததும் என் மனைவியே பையை எடுத்து வைத்தாள். துண்டு, மாற்று வேட்டி, எண்ணெய்ச் சீசா.

“போற வர ஏழு ஏழு மணி நேரம் ஒரே வேன்ல கீறீங்க. நடுவுல ஒரு நாள் பூரா மல. அதுல ஒரு நிமிசம் கெடைக்காதா? கூப்புடாம வந்த, வேன்லேர்ந்து எறங்காத. அப்டியே கம்பெனிக்குப் போய்டு.”

வேனில் மச்சான் டிரைவருக்குப் பக்கத்து இருக்கை. எனக்குக் கடைசி வரிசை. நடுவில் ஒன்பது பேர், ஒரு ஸ்பீக்கர், ஒரு மூட்டை முறுக்கு. ஸ்பீக்கர் தென்காசிக்காரருடையது. இடிக்கிற சத்தத்திலேயே வாழ்கிறவர்கள் பாட்டு கேட்டால் எப்படி வைத்துக் கேட்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சேலத்துக்கு முன்னால் ஒரு டீக்கடையில் வண்டி நின்றது. நான் இறங்கினேன். மச்சான் இறங்கவில்லை. நான் ஏறினேன். அவர் இறங்கினார்.

விடிந்தபோது மலை வந்துவிட்டது. காரவள்ளியிலிருந்து மேலே எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு எண் எழுதி வைத்திருக்கிறார்கள், நமக்கு இன்னும் எவ்வளவு கஷ்டம் பாக்கி என்று தெரியட்டுமென. முப்பதைத் தாண்டும்போது மச்சான் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். வண்டி நின்றது. ஓடிப்போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கினார், கொப்பளித்தார், திருப்பிக் கொடுத்தார். அந்த நிமிடம் அவருக்கும் எனக்கும் நடுவில் யாருமில்லை, பாட்டு நின்றிருந்தது, பள்ளத்தாக்கில் ஒரு பறவை மட்டும் கூவியது. ஆனால் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும் ஆளை எப்படி விருந்துக்குக் கூப்பிடுவது?

மேலே வேறு உலகம். சமவெளியின் வெயிலைக் கீழேயே இறக்கி வைத்துவிட்டு வந்தது போலிருந்தது. மூடுபனி மரத்துக்கு மரம் நின்று விசாரித்துக்கொண்டு போனது. உயர்ந்த மரங்களின் மேல் மிளகுக் கொடிகள், பலா மரத்தின் அடியிலேயே பலா, அன்னாசியை வெட்டி வைத்துக்கொண்டு கூப்பிடும் பெண்கள். அவர்களுக்குத் தெரியாதவர்களைக் கூப்பிடுவது எவ்வளவு சுலபமாக வருகிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தேன்.

கோயிலைத் தாண்டி, காட்டிலாகா வாசலில் டிக்கெட் வாங்கினால் படிகள் தொடங்குகின்றன. ஆயிரத்துச் சொச்சம் படிகள், எல்லாம் கீழ்நோக்கி. உலகத்தில் மற்ற இடங்களில் ஏறிப் போய்த் தரிசிப்பார்கள். இங்கே இறங்கிப் போய்த் தரிசித்துவிட்டு, ஏறுவதைத் தண்டனையாக வைத்திருக்கிறார்கள்.

எங்கள் ஆட்கள் படியைக் கண்டதும் தாமாகவே ஒற்றை வரிசையானார்கள். இடது ஓரம். ஒரு கை கம்பியில். கம்பெனியில் மஞ்சள் கோட்டுக்குள் அப்படித்தான் நடப்போம். கம்பியைப் பிடிக்காமல் படி இறங்கினால் பெயர் எழுதிவிடுவார்கள். இங்கே எழுத யாருமில்லை. சூப்பர்வைசர் வரவில்லை. நாங்கள் இல்லாத ஒரு நாளே அவருக்கு அருவி. இருந்தும் யாரும் கையை எடுக்கவில்லை. குடும்பத்தோடு வந்த ஒரு பெரியவர் எங்களைத் தாண்டிப் போகும்போது நின்று கேட்டார்.

“எந்தக் கோயிலுக்குங்க மாலை போட்டிருக்கீங்க?”

“பிரஸ்ஸுக்குங்கய்யா,” என்றார் தென்காசிக்காரர்.

பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்.

வரிசையில் மச்சான் எனக்கு இரண்டு ஆள் முன்னால். அவருடைய பின்தலை மட்டும் தெரிந்தது. கல்யாணத்துக்கென்று சாயம் போட்டிருந்தார். யார் கல்யாணத்துக்கு என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இறங்க இறங்கக் காடு நெருங்கி வந்தது. முதலில் வானம் துண்டு துண்டாயிற்று, பிறகு அதுவும் இல்லை. இலையின் மேல் இலை, அதன் மேல் பாசி, பாசியின் மேல் ஈரம், ஈரத்தின் மேல் ஒரு பச்சை வெளிச்சம். மரம் எது கொடி எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. ஒன்றின் கிளையில் இன்னொன்று வேர் விட்டிருந்தது. வாடகை கேட்டதாகத் தெரியவில்லை. படி சற்றே திரும்பும் இடங்களில் மேலே குளிரும் கீழே புழுக்கமும் ஒன்றாய் வந்து முகத்தில் மோதின. பிறகு சத்தம். முதலில் அது சத்தமாக இல்லை, நெஞ்சுக்குள் ஒரு கனமாக இருந்தது. எங்கள் ஆட்கள் அனைவரும் ஒரே நேரத்தில் பழக்கமாகக் காதைத் தொட்டுப் பார்த்தார்கள். பிளக் இல்லை.

கடைசித் திருப்பத்தில் அருவி முழுசாக நின்றது. விழுந்துகொண்டிருக்கிற ஒன்றை நின்றது என்று சொல்லக் கூடாதுதான். ஆனால் அண்ணாந்து பார்த்தபோது தண்ணீர் நிற்பதாகவும் மலைதான் மெதுவாக மேலே போய்க்கொண்டிருப்பதாகவும் பட்டது. உச்சியிலிருந்து ஒரே பாய்ச்சல். பாதி வழியில் வெள்ளை கிழிந்து, புகையாகி, மறுபடியும் தண்ணீராகிப் பாறையில் விழுந்தது. எங்கள் பிரஸ் ஓர் இடி இடித்தால் மூச்சு விட்டுத்தான் அடுத்ததை இடிக்கும். இது மூச்சே விடவில்லை. யார் பட்டனை அழுத்துகிறார்கள், எத்தனை கைகள் வேண்டும், எதுவும் தெரியவில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். கூப்பிடத் திறக்க வேண்டிய வாய்.

தென்காசிக்காரர் என் காதருகே வந்து கத்தினார். “ஒசரந்தான் அண்ணாச்சி! ஆனா குத்தாலம் மாதிரி வருமா? அங்க விழுந்தா முதுகுல மசாஜ் பண்ணும். இது அடிக்கில்லா!”

மச்சான் ஏற்கெனவே தண்ணீருக்கு அடியில் போய்விட்டார். தலையைக் குனிந்து, இரண்டு கைகளாலும் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். தண்ணீர் உச்சந்தலையில் அடித்து, கண்ணைத் திறக்க விடவில்லை. இப்போது அவர் எழுந்து போக முடியாது. இங்கே டீ இல்லை, வண்டி இல்லை. முழங்கை தொடும் தூரம்.

“மச்சான்!”

திரும்பவில்லை.

“மச்சான்! பொண்ணு கல்யாணம்! வந்துடு!”

அவர் இன்னும் கொஞ்சம் குனிந்து முதுகைக் காட்டினார். அருவிக்கு.

நான் என் ஆயுளில் அப்படிக் கத்தியதில்லை. ஒன்றரை வருஷமாகச் சேர்ந்திருந்ததெல்லாம் வந்தது. மச்சான் என்றேன், வா என்றேன், குடும்பத்தோட வா என்றேன், முன்னாடி நாளே வந்துடு என்றேன், பட்டம் நீதான் கட்டணும் என்றேன். ஒவ்வொரு சொல்லும் வாயை விட்டுக் கிளம்பியதும் தண்ணீர் அதைப் பிடித்துக் கீழே தள்ளியது. பாதிச் சொற்களை நானே விழுங்கினேன். அவர் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். என் வாய் அசைவதைப் பார்த்து, காதில் தண்ணீர் என்று விரலால் காட்டிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். யோசித்துச் செய்ததில்லை. இத்தனை வருஷப் பழக்கம், கை தானாகப் போனது. பாறை மேல் ஏறி, வலது கையைத் தலைக்கு மேலே நேராகத் தூக்கினேன்.

மச்சான் நின்றார். என் முகத்தைப் பார்த்தார்.

மச்சான் மட்டுமா? பத்துப் பேரும் நின்றார்கள். சோப்புப் போட்டுக்கொண்டிருந்தவர் சோப்போடு நின்றார். ஒருவர் ஒற்றைக் காலில் நின்றார். எங்களுக்குப் பக்கத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் இருந்த தென்காசிக்காரர், முங்கி எழுந்த நிலையிலேயே நின்றார். குளிக்க வந்த மற்ற ஜனங்கள் யாரோ வழுக்கி விழுந்துவிட்டார்கள் என்று நினைத்துச் சுற்றுமுற்றும் பார்த்தார்கள்.

கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் மச்சான் பார்த்துக்கொண்டிருந்தார். அது போதும். கழுத்தில் மூன்று முடிச்சுப் போட்டுக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். நெற்றியில் பட்டம் கட்டிக் காட்டினேன். வயிற்றைத் தட்டினேன். இரண்டு கைகளாலும் வா, வா என்றேன். அவரைப் பார்த்துத்தான் சொன்னேன். ஆனால் எங்கள் பாஷையில் ஒரு குறை உண்டு. ரகசியம் பேச முடியாது. பார்ப்பவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்.

முதலில் தென்காசிக்காரர் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். தயார். அவருக்குப் பின்னால் சோப்புக்காரர். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும். அருவிக்கடியில் பதினேழோ பதினெட்டோ ஈர உள்ளங்கைகள் என்னை நோக்கி விரிந்தன. ஒருவர் வயிற்றைத் தட்டி, கோழியா என்று இறக்கை அடித்துக் கேட்டார். நான் இல்லை, சைவம் என்று காட்டினேன். அவருக்கு அதுவும் சம்மதமாக இருந்தது. ஒரு ஷிஃப்ட் முழுவதையும் கல்யாணத்துக்குக் கூப்பிட்டு முடித்திருந்தேன்.

மச்சானின் கைகள் மட்டும் விரியவில்லை. முகத்தை வழித்துக்கொண்டார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு படியை நோக்கிப் போய்விட்டார்.

நான் ஈரத்தோடு பின்னால் போனேன். ஏற்றம் ஆரம்பித்துக் கொஞ்ச தூரத்தில், சத்தம் மரங்களுக்குப் பின்னால் போன இடத்தில், ஒரு படியில் உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கியது. ஒரு கை அப்போதும் கம்பியில். நான் இரண்டு படி கீழே நின்றேன். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவர் என்னிடம் வாய் திறந்து சொன்ன முதல் வாக்கியம் இது:

“கேன்டீன்ல போண்டா போட்டுக்கினு கீறாங்கன்ற மாதிரி கூப்புட்ற. கூட்டத்தோட கூட்டமா. நான் இன்னா உன் ஷிஃப்டா? அவளுக்கு மாமன்யா.”

சரியான பேச்சு. பதில் என்னிடம் இருந்தது. சொல்ல வேண்டிய இடமும் இதுதான். வாயைத் திறந்தேன்.

காற்று வந்தது.

மறுபடி முயன்றேன். எண்ணெய் போடாத கதவுக் கீல் போல ஒரு சத்தம் வந்து அதுவும் நின்றுவிட்டது. கத்திய கத்தலில் தொண்டை போய்விட்டிருந்தது. மச்சான் என்னையே பார்த்தார். முகம் சிவந்தது.

“இப்பவும் தொறக்க மாட்ட, இல்ல? இங்க யாரும் இல்ல, நானும் நீயும் தான் கீறோம். அப்பவும் உனுக்கு வாய் வர்ல. அவ்ளோ கௌரவம். செரி. உன் பொண்ணு கல்யாணத்த நீயே பாத்துக்கோ.”

எழுந்துவிட்டார். நான் தொண்டையைக் காட்டினேன், தலையை ஆட்டினேன், கையை ஆட்டினேன். கையைக் கண்டதும் அவருக்கு இன்னும் கோபம் வந்தது. “கைய கீழ போடு!” என்றார். போட்டேன். மகள் அறையை விட்டு வெளியே வராமல் உட்கார்ந்திருப்பதும், மேடையில் நானும் மனைவியும் அசடு வழிய நிற்பதும் அந்தப் படியில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன.

கீழேயிருந்து தென்காசிக்காரர் தலையைத் துவட்டிக்கொண்டே ஏறி வந்தார்.

“என்ன அண்ணாச்சி, தொண்ட அடச்சிருச்சா? அடைக்காம என்ன செய்யும்! அந்தக் கத்து கத்துனா!”

மச்சான் திரும்பினார். “யாரு கத்துனது?”

“நல்லா கேட்டிய போங்க. உங்களத்தான அண்ணாச்சி, மச்சான் மச்சான்னு கத்திக்கிட்டு நின்னாக. பட்டம் நீதான் கட்டணும்னு சொன்னாக. நான் பக்கத்துலதான நின்னேன். உங்களுக்குக் கேக்கலியா?”

“எனுக்குக் கேக்கல.”

“பொறவு கையத் தூக்காம என்ன செய்வாக?”

மச்சான் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என் அறைக்குக் குடிவந்தவன் எனக்குச் சாட்சி சொல்கிறான் என்பதும் அந்தப் பார்வையில் இருந்தது. பிறகு கேட்டார்.

“இன்னா இன்னா சொன்னான்?”

“வா-ன்னாக. குடும்பத்தோட வா-ன்னாக. முன்னாடி நாளே வந்துருன்னாக. அப்புறம் வாயில தண்ணி போயிருச்சு, இருமுனாக. அப்புறமும் மச்சான்னாக.”

“முன்னாடி நாளே-வா?”

“ஆமா.”

மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஏற ஆரம்பித்தார். நானும் ஏறினேன். அந்தப் படிகளில் ஏறும்போது பேசக் கூடியவர் உலகத்தில் எவரும் இல்லை. ஆகவே எங்கள் மௌனத்தை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. அவர் நின்றால் நான் நின்றேன். நான் நின்றபோது, இரண்டு படி மேலே போய், அவரும் நின்றார்.

மேலே கடைவரிசையில் முடவாட்டுக்கால் சூப் விற்றார்கள். ஆட்டுக்கால் போலவே ரோமத்தோடு இருக்கும் கிழங்கு. முட்டிக்கு நல்லது என்று சொல்லி, முட்டி போனவர்கள் ஏறி வரும் இடமாகப் பார்த்துக் கடை போட்டிருக்கிறார்கள். மச்சான் இரண்டு சொன்னார். ஒன்றை என் பக்கம் தள்ளினார்.

“சூடா குடி. தொண்டைக்கு.”

குடித்தேன். மிளகு காரம் காதுவரை போனது.

“நான் கேக்கறன். நீ தல மட்டும் ஆட்டு. கைய தூக்குன, எழுந்து போய்டுவேன்.”

தலையாட்டினேன்.

“சனிக்கெழம சாயங்காலமே வரணுமா?”

ஆட்டினேன்.

“பட்டம் வேற எவனுக்காச்சும் சொல்லி வெச்சிகிறியா?”

இடவலமாக ஆட்டினேன்.

“சமையல் யாரு? படப்ப ஆளா?”

ஆட்டினேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “அவனா! அவன் சாம்பார்ல வெல்லம் போடுவானேய்யா. யாரக் கேட்டு அவன புடிச்ச?”

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. எங்கள் பக்கத்தில் உறவுக்காரர் வருகிறேன் என்று வாயால் சொல்வதில்லை. குறை சொல்ல ஆரம்பித்தால் வருகிறார் என்று அர்த்தம்.

திரும்பும் வழியில் அவர் கடைசி வரிசைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பாட்டை நிறுத்தச் சொன்னார். எழுபது வளைவுகளும் இறங்கும்வரை மண்டபத்தின் கை கழுவும் இடம் சரியில்லை என்பதைப் பற்றிப் பேசினார். வாந்தி வரவில்லை. சேலம் தாண்டியும் மேளக்காரரைப் பற்றிச் சொன்னார். நான் கூப்பிட்ட ஒரு ஷிஃப்ட் ஆட்களுக்கு எந்தப் பந்தியில் இடம் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று தலையாட்டினேன். அவர் தூங்கிப்போன பிறகும் நான் தலையாட்டிக்கொண்டிருந்ததாகத் தென்காசிக்காரர் பிறகு சொன்னார்.

விடியலில் வேன் எங்கள் ஊர் முனையில் நின்றது. மச்சான் அவருடைய தெருவில் இறங்கவில்லை. என் தெருவில் இறங்கினார். என் மனைவி வாசலில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். அண்ணனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என்னிடம்தான் கேட்டாள்.

“கூப்புட்டியா?”

நான் வாயைத் திறந்து மூடினேன்.

“கூப்புட்டான்,” என்றார் மச்சான்.

“வாயத் தொறந்தா?”

“தொறந்தான். தண்ணி பூந்துடுச்சி.”

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது. மச்சான் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, முட்டியைத் தேய்த்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்.

“ஒண்ணு சொல்றன் கேட்டுக்கோ மாப்ள. நான் வரேன். அது முடிஞ்சிச்சி. ஆனா உங்க அக்கா கீறாளே, என் பொண்டாட்டி, அவள நான் சொன்னேன்னு இஸ்துக்கினு வர முடியாது. அன்னிக்கி வாசல் வரைக்கும் வந்து, தண்ணி குடிச்சிட்டு, ஒரு வார்த்த சொல்லாம போய்ட்டான்னு இன்னும் சொல்லிகினு கீறா. அவள தனியா கூப்புடணும். வாயத் தொறந்து.”

அந்த வாரம் எங்களுக்கு நைட் ஷிஃப்ட். பகல் முழுவதும் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துக்கொண்டிருந்தேன். மத்தியானத்துக்குள் ‘அக்கா’ வந்துவிட்டது. ‘வாங்க’ வருவதற்குச் சாயங்காலம் ஆயிற்று.